தொங் லுங் திறந்த நாள்

11 ஜூலை 1971, ஞாயிறு

இந்த நோட்டு கணக்குப் பாடத்துக்கு வாங்கியது. பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா தூங்கிய பிறகு, ஜன்னலோரம், தெருவிளக்கு வெளிச்சத்தில். புகுமுக வகுப்பு மிஸ் தினமும் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் எனக்கு வருவது காலையில் எழுந்தேன், பல் தேய்த்தேன் என்பது மட்டும்தான். அதை அவருக்குக் கொடுத்துவிட்டு, மற்றதை இங்கே தமிழில் எழுதலாம் என்று நினைத்தேன். இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் அப்பா ஒருவர். அவரும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்.

அம்மாவும் தம்பியும் தோட்டத்தில் இருக்கிறார்கள். என் படிப்புக்காக அப்பாவும் நானும் ஈப்போ பழைய டவுனில், ஆ சம்மின் கடைவீட்டு மாடியில் ஓர் அறையில் இருக்கிறோம். ஆ சம் என்றால் கண்டனீஸ் மொழியில் சித்தி மாதிரி. ஐந்து வருஷமாக அவரோடு இருந்து அந்த மொழி எனக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கு வரவில்லை. ஆ சம்முக்குத் தெரிந்த மலாய் மீன் வாங்கத்தான் போதும். அதனால் இருவருக்கும் நடுவில் நான்தான் வாய்.

இன்று அப்பா வாசல் கதவைச் சரிசெய்தார். வாசலில் இரண்டு கதவு உண்டு. உள்ளே இருப்பது கனமான பலகைக் கதவு. அதை இரவில்தான் சாத்துவோம். அதற்கு முன்னால் இருப்பது தொங் லுங். உருண்டையான பதின்மூன்று மரக்கட்டைகளைப் படுக்கவாட்டில் ஒரு சட்டத்தில் கோத்திருக்கும். பக்கவாட்டில்தான் நகரும். பகலில் இதை மட்டும் சாத்தி வைத்தால் காற்று வரும், வெளிச்சம் வரும், ஆள் மட்டும் வர முடியாது. கட்டைகள் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டுமாம். அப்பா இதை ஏணிக்கதவு என்பார்.

இழுத்தால் கடகடவென்று தெருமுனை வரைக்கும் கேட்கும். அப்பா மரவேலைக்காரர். சத்தம் போடும் மரத்தைப் பார்த்தால் அவருக்குப் பல் கூசும். அடியில் ஓடும் உருளைகளைக் கழற்றித் துடைத்து, தடத்தில் மெழுகு தேய்த்தார். உள்பக்கம் கதவைத் தரையோடு பிடித்திருக்கும் மர முளை இறுகிக் கிடந்தது. அதையும் இழைத்துவிட்டார். அந்த முளையைத் தூக்கினால்தான் கதவு நகரும்.

ஆ சம் ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். கதவு பூனை மாதிரிப் போனது.

"ஐயய்யோ, உங்கப்பன் என் கதவ ஊமையாக்கிட்டானே, மூய்! என் புருஷன் சூதாடிட்டு எத்தன மணிக்கு வர்றான்னு முப்பது வருஷம் எனக்குச் சொன்னது இந்தக் கதவுதான். யாரு வந்தாலும் சமையக்கட்டுல இருந்தே தெரியும். இனிமே திருடன் வந்தா அவனே கூப்பிட்டுச் சொல்லுவானா?"

மூய் என்றால் சின்னப் பெண். என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"என்னம்மா சொல்றாங்க?" என்றார் அப்பா, கையைத் துடைத்துக்கொண்டே.

"ரொம்ப நல்லா இருக்காம்ப்பா."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. மாடிப்படியில் நின்ற லின் ஜே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தமிழ் தெரியாவிட்டாலும் நான் என்ன செய்தேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

லின் ஜே ஆ சம்மின் மகள். ஜே என்றால் அக்கா. கட்டிக்கொடுத்துக் கோலாலம்பூர் போனவள், மே மாதம் ஒரு பையோடு திரும்பி வந்தாள். ஏன் வந்தாள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. வந்த நாளிலிருந்து தொங் லுங்கில் முளை போட்டே இருக்கிறது.

14 ஜூலை, புதன்

பள்ளி விட்டு வந்து சோறு வடித்தேன். நெத்திலி வறுத்தேன். அடுப்புத் திரியைக் கத்தரித்தேன்.

தொங் லுங்குக்கு உள்ளே தரையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். அங்கேதான் வெளிச்சம். ஒருவர் வழி கேட்டார். சொன்னேன். போய்விட்டார்.

கட்டுரையில் மூன்று பிழை திருத்தினேன். நானேதான்.

16 ஜூலை, வெள்ளி

என் கட்டுரையை மிஸ் வகுப்பில் படித்துக் காட்டினார். புகுமுக வகுப்பு என்றால் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள் ஒரு வருஷம் ஆங்கிலம் கற்றுக்கொள்ளும் வகுப்பு. எங்கள் அறை சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆங்கிலப் பள்ளியில் படித்து நேராக ஃபார்ம் ஒன்னில் சேர்ந்த பெண்கள் அந்தப் பக்கம் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் தலையில் எண்ணெய் நாறுகிறதாம். இன்று அவர்களுடைய மிஸ்ஸும் வந்து என் கட்டுரையை வாங்கிப் பார்த்தார்.

"யாராவது உதவி செய்தார்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஒரு பேனா கிடைத்தது. ரோட்டில் கிடந்தது. கறுப்பு நிறம், மூடியில் தங்க வளையம். இந்தப் பக்கத்தை அதில்தான் எழுதுகிறேன். அப்பாவிடம் பள்ளியில் கொடுத்த பரிசு என்று சொன்னேன். லின் ஜேவிடம் காட்டவில்லை. எல்லாவற்றையும் எல்லாருக்கும் காட்ட வேண்டுமா என்ன?

19 ஜூலை, திங்கள்

லின் ஜே எனக்குத் தலை பின்னிவிட்டாள். எப்போதும் தன் வலப்பக்கம்தான் உட்காரச் சொல்வாள். இடப்பக்கமிருந்து பேசினால் இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

"வெள்ளிக்கிழமை வாசல்ல யாரோட பேசிக்கிட்டிருந்தே?"

"பேப்பர்காரன்."

"ரெண்டு மணிக்கா பேப்பர்?"

அவள் ரிப்பனை இழுத்து முடிந்தாள்.

"பேசு. யாரோட வேணும்னாலும் பேசு. உள்ள இருந்துக்கிட்டுப் பேசத்தானே தொங் லுங் வச்சிருக்காங்க? முளையை மட்டும் தொடாதே, என்ன?"

சரி என்றேன்.

20 ஜூலை, செவ்வாய்

இன்று எழுத ஒன்றுமில்லை.

22 ஜூலை, வியாழன்

லின் ஜே வீட்டில் இல்லை.

இன்று சீன மாதப் பிறப்பு. ஆ சம் கோயிலுக்குப் போயிருந்தார். மாதப் பிறப்புக்கும் பதினைந்தாம் நாளுக்கும் போவார். போனால் நான்கு மணிக்குத்தான் வருவார். அப்பா வேலையில் இருந்தார். நான் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. வந்து பார்த்தபோது தொங் லுங் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. மாடிப்படியில் லின் ஜேவின் ஒரு செருப்பு கிடந்தது.

நான் துணிதான் அலசிக்கொண்டிருந்தேன்.

23 ஜூலை, வெள்ளி

இன்று பள்ளிக்குப் போகவில்லை. ஆ சம் விடியற்காலையிலேயே எங்கள் அறைக் கதவைத் தட்டினார். இரவெல்லாம் அழுத முகம்.

"உங்கப்பன எழுப்பு. கீழ வரச் சொல்லு."

கீழே போனோம். ஆ சம் தொங் லுங்கைத் திறந்தார், மூடினார். மறுபடியும் திறந்தார், மூடினார். சத்தமே இல்லை.

"கேக்குதா? கேளு உங்கப்பன்கிட்ட, கேக்குதான்னு. அவ புருஷன், அந்த நாய், வெளியில நின்னு கைய விட்டு முளையைத் தூக்கியிருக்கான். முன்னயெல்லாம் அந்த முளையைத் தூக்க ரெண்டு கை வேணும். இப்பக் கொழந்த தூக்கும். பழைய கதவா இருந்திருந்தா தெருவே எழுந்து வந்திருக்கும். எதிர்க்கடைக் கிழவன் ஆ பக் பார்த்திருப்பான். நீ பார்த்திருப்பே. என் மகளே கேட்டிருப்பா. ஒரு காது போச்சுன்னாலும் இன்னொண்ணு இருக்கே அவளுக்கு!"

ஒரு காது போனது எப்படி என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்னம்மா சொல்றாங்க?" என்றார் அப்பா.

இந்தத் தடவை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டே போய் வாசல்படியில் உட்கார்ந்தார். மெழுகு தேய்த்த தடத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

"நல்லது செய்றதா நினைச்சேன்னு சொல்லும்மா. மன்னிக்கச் சொல்லு."

சொன்னேன். கோலாலம்பூரில் மாப்பிள்ளையின் அப்பா அம்மா வீடு இருக்கிறது. அங்கே போய் மகளைக் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டு ஆ சம் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

லின் ஜே அங்கே இருக்கமாட்டாள்.

25 ஜூலை, ஞாயிறு

அப்பா நாள் முழுக்கத் தடத்தில் இருந்த மெழுகைச் சுரண்டினார். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். நல்ல வேலையை வேண்டுமென்றே கெடுப்பது அவருக்கு வரவில்லை. கை அதன்பாட்டுக்கு வழவழப்பாக்கப் பார்க்கிறது. நிறுத்துகிறார், கெட்ட வார்த்தை சொல்கிறார், மறுபடி தேய்க்கிறார்.

சோறு போட்டு வைத்தேன். தொடவில்லை.

"அந்தப் புள்ள கீழ வரும்போதெல்லாம் எனக்குத் தண்ணி வேணுமான்னு சைகையால கேக்கும்," என்றார். "என் கையால போச்சு அது."

"உங்க கையால இல்லப்பா."

"வேற யாரு கையால?"

நான் சம்பல் கிண்ணத்தைக் கழுவப் போனேன்.

பேனா ரோட்டில் கிடக்கவில்லை. அதை மட்டும் இன்று எழுதிவைக்கிறேன். ஒருவர் கொடுத்தார்.

27 ஜூலை, செவ்வாய்

ஆ சம் திரும்பிவிட்டார். லின் ஜே அங்கே இல்லை. மாப்பிள்ளை வேலை மாற்றலாகிப் போய்விட்டாராம். எங்கே என்று அவர்கள் சொல்லவில்லை. வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பினார்களாம். கட்டிக்கொடுத்த பிறகு உனக்கு என்ன பேச்சு என்றார்களாம். போலீசிலும் அதையேதான் சொன்னார்களாம், புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம் என்று.

"கிள்ளான்ல அவனுக்கு ஒரு அண்ணன் இருக்கான். நாளைக்கு அங்க போறேன்," என்றார் ஆ சம். கால் வீங்கியிருந்தது. தைலம் எடுத்துத் தரச் சொன்னார். தேய்த்துவிட்டேன். "நீ நல்ல புள்ள, மூய்," என்றார்.

28 ஜூலை, புதன்

தூக்கம் வரவில்லை. இந்த நோட்டில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன். யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் எழுதியிருக்கிறேன். 22ஆம் தேதி நான் துணி அலசவில்லை.

பதினான்காம் தேதி வந்தவர் வழி கேட்கவில்லை. தொங் லுங்குக்கு வெளியே நின்று, நான் எழுதுவதை எட்டிப் பார்த்து, எனக்குப் புரியும்படி மெதுவான ஆங்கிலத்தில், "மிஸ், நன்றாக எழுதுகிறீர்களே," என்றார். வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி. என்னை யாரும் மிஸ் என்று கூப்பிட்டதில்லை. கட்டைகளுக்கு இடையில் விரலை நீட்டி மூன்று பிழைகளைக் காட்டினார். ஏன் தப்பு என்றும் சொல்லிக்கொடுத்தார். எங்கள் மிஸ்கூட அவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. தொட்டால் சுடும் என்பதுபோல அவர் கட்டையைத் தொடாமலே நின்றார். அது எனக்குப் பிடித்திருந்தது.

பதினாறாம் தேதி பேனா கொடுத்தார். மிஸ் பாராட்டியதைச் சொன்னேன். கைதட்டினார், சத்தம் வராமல். அன்றுதான் லின் ஜேவின் புருஷன் தான்தான் என்று சொன்னார். பயந்து எழுந்தேன். "உட்காருங்கள் மிஸ். நான் கெட்டவன் மாதிரியா தெரிகிறேன்?" என்றார். தெரியவில்லை. ஒருநாள் கோபத்தில் தப்பு நடந்துவிட்டதாம். மன்னிப்புக் கேட்கவேண்டுமாம். மாமியார் படிக்காதவர், கேட்கவே மாட்டார். "நீங்கள் படித்த பெண். உங்களுக்குப் புரியும்."

இருபதாம் தேதியும் வந்தார். தெலுக் ஆன்சனுக்கு மாற்றலாகிவிட்டது என்றார். சாய்ந்த கோபுரத்துக்கு எதிரே, சைக்கிள் கடை மேல்மாடியில் அறை எடுத்து, நீலத் திரைச்சீலை மாட்டியிருக்கிறாராம். லின்னுக்கு நீலம் பிடிக்கும் என்றார். அது உண்மை. அவளுக்குப் பிடிக்கும். அதனால் மற்றதும் உண்மை என்று நினைத்தேன். ஆ சம் எந்த நாளில் கோயிலுக்குப் போவார் என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

வியாழக்கிழமை ஐந்து நிமிஷம் என்றார். ஐந்தே நிமிஷம், கூடத்தில் நின்று பேசிவிட்டுப் போய்விடுவேன் என்றார். முளையைத் தூக்கினேன். அப்பா நன்றாக இழைத்திருந்தார். இரண்டு விரலே போதுமாக இருந்தது. கதவை நான்தான் தள்ளினேன்.

உள்ளே வந்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் அங்கே இல்லாத மாதிரி மாடிப்படி ஏறினார். சத்தமோ அடியோ எதுவும் இல்லை. லின் ஜே பேசிய சத்தமே கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். அவள் ஒரு காலில் செருப்பில்லாமல் வந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. வாசலைத் தாண்டும்போது அவர் மட்டும் குனிந்து, ஆங்கிலத்தில் இல்லை, கண்டனீஸில் சொன்னார்: "மூய், தொறந்தது நீதான். ஞாபகம் வச்சுக்க. வெளிய சொன்னா உங்கப்பனுக்கு வீடு போகும், உனக்குப் பள்ளிக்கூடம் போகும்."

அந்த நிமிஷத்திலிருந்து நான் மிஸ் இல்லை.

பயந்துதான் சொல்லாமலிருக்கிறேன் என்று எழுதப் பார்த்தேன். அது பாதிதான். தோட்டத்துக்குத் திரும்பிப் போக எனக்குப் பயம்தான். ஆனால் அதைவிட, ஏன் திறந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? ஒருவர் என்னை மிஸ் என்றார், அதனால் திறந்தேன் என்றா?

29 ஜூலை, வியாழன்

ஆ சம் கிள்ளானுக்குப் போயிருக்கிறார். இன்று சொல்லவில்லை. சொல்ல ஆளில்லை.

30 ஜூலை, வெள்ளி

ஆ சம் வந்துவிட்டார். தனியாக. இன்றும் சொல்லவில்லை.

31 ஜூலை, சனி

பேனாவைக் கழிவுக்கால்வாயில் போட்டேன். பென்சிலால் எழுதுகிறேன். அதனால் எதுவும் மாறிவிடவில்லை.

1 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் அப்பா புதிய முளை செய்து கொண்டுவந்தார். பெரியது, கனமானது. அதை மாட்டுவதற்கு முன்னால், பழையதை அவன் எப்படித் தூக்கினான் என்று பார்க்க வேண்டும் என்றார். இல்லையென்றால் அதே தப்பு புதியதிலும் வருமாம். அவர் வேலை பார்க்கும் விதம் அப்படி.

"ரஞ்சிதம், வெளிய போய் நில்லு. கைய உள்ள விட்டு முளையைத் தூக்கு."

வெளியே போனேன். அப்பா உள்ளிருந்து கதவைச் சாத்தி முளையைப் போட்டார். ஆ சம் கூடத்தின் கோடியில் சாமி மேடைக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

கடைசிக் கட்டைக்குக் கீழே கையை விட்டேன். தோள்பட்டை வரை போனது. விரலுக்கும் முளைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

"இன்னும் நீட்டு."

"எட்டல."

"அடுத்த கட்டைக்கு மேல விடு."

இன்னும் தூரமாகிவிட்டது. அப்பா முளையைத் தூக்கிக் கதவைத் திறந்து வெளியே வந்தார். என்னை உள்ளே நின்று முளையைப் போடச் சொல்லிவிட்டு அவரே கையை விட்டுப் பார்த்தார். முழங்கையைத் தாண்டவில்லை, மாட்டிக்கொண்டது. வலிக்க வலிக்க முறுக்கினார். தோல் உரிந்து ரத்தம் வந்தது. பிறகு கையை மெதுவாக உருவி எடுத்தார்.

வெளியிலிருந்து யாராலும் அந்த முளையைத் தூக்க முடியாது.

அப்பா கட்டைகளுக்கு அந்தப்பக்கம் குந்தியிருந்தார், நான் இந்தப்பக்கம். எங்கள் முகங்களுக்கு நடுவே ஒரே ஒரு கட்டை. என்னையே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு பலகையில் விரிசல் எதுவரை போயிருக்கிறது என்று பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

"என்ன, எட்டுதா?" என்று ஆ சம் திரும்பாமலே கேட்டார்.

அப்பாவுக்கு அந்தக் கேள்விக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

"எட்டுதுன்னு சொல்லு," என்றார், தாழ்ந்த குரலில்.

"அப்பா..."

"எட்டுதுன்னு சொல்லும்மா. என் வேலையிலதான் கோளாறுன்னு சொல்லு. வேற வீடு பாத்துக்கலாம்."

முளையைத் தூக்கிக் கதவைத் தள்ளினேன். உப்புத்தாள் போட்ட தடத்தில் அது கரகரத்தது. அப்பா உள்ளே வந்து ஆ சம்மைப் பார்த்துக் கைகூப்பினார். ஆ சம் ஊதுபத்தியோடு திரும்பினார். நான் கண்டனீஸில் சொன்னேன்.

"எட்டல, ஆ சம். அப்பா கைக்கும் எட்டல. உங்க மாப்பிள்ளை வெளியில இருந்து தொறக்கல."

அப்பா தலையாட்டினார். "சாயா சாலா," என்றார். என் தப்பு என்று மலாயில். ஆ சம்முக்கு அந்த அளவு மலாய் தெரியும்.

"நான்தான் முளையைத் தூக்கினேன். அவரு அதுக்கு முன்ன மூணு தடவ வந்தாரு. நான் அவரோட பேசினேன். நீங்க கோயிலுக்குப் போற நாளையும் நான்தான் சொன்னேன்."

"சாயா சாலா," என்றார் அப்பா மறுபடியும். முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்து வேட்டியில் சொட்டியது. தான் சொல்லச் சொன்னதைத்தான் மகள் சொல்கிறாள் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டிக்கொண்டே நின்றார். ஆ சம் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஊதுபத்திச் சாம்பல் அவர் விரலில் விழுந்தது. அவர் உதறவில்லை.

"லின் ஜே எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். தெலுக் ஆன்சன்ல. சாய்ஞ்ச கோபுரத்துக்கு எதிர்க்க, சைக்கிள் கடை மேல்மாடியில."

ஊர்ப் பெயர் எல்லா மொழியிலும் ஒன்றுதான். அப்பாவின் தலையாட்டல் நின்றது. கூப்பிய கை தானாகப் பிரிந்து கீழே போனது.

"தெலுக் ஆன்சனா?" என்றார் என்னிடம். "தெலுக் ஆன்சன்ல என்ன?"

நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. ஆ சம் என் முன்னால் வந்து நின்றார். அறைவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"பத்து நாள், மூய்," என்றார். "கோலாலம்பூர் போனேன். கிள்ளான் போனேன். நாய் மாதிரி வாசல்ல நின்னேன். என் காலுக்குத் தைலம் தேச்சுவிட்டியே, அப்பவும் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் போய் ஊதுபத்தியைக் குத்திவைத்துவிட்டு வந்தார்.

"நாளைக்கு முதல் பஸ். நீயும் வர்றே. எந்த மாடின்னு நீதான் காட்டணும். உன் வாயாலயே அவகிட்டச் சொல்லணும்."

2 ஆகஸ்ட், திங்கள்

பஸ் பீடோரில் நின்றபோது ஆ சம் எனக்கு ஆவியில் வெந்த பாவ் ரொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல். தின்ன முடியவில்லை. மடியிலேயே வைத்திருந்தேன்.

கோபுரம் உண்மையாகவே சாய்ந்திருந்தது. சைக்கிள் கடை இருந்தது. மேலே நீலத் திரைச்சீலை தொங்கியது. இந்த அறையைப் பற்றி அந்த ஆள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் ஆபீசுக்குப் போயிருந்தார். படியேறினோம். கதவு பூட்டியிருக்கவில்லை. லின் ஜே தரையில் உட்கார்ந்து அவர் சட்டைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணுக்குக் கீழே மஞ்சளாக இருந்தது. பழைய காயம் ஆறும்போது வரும் மஞ்சள்.

"பூட்டாமத்தானேடி கெடக்கு!" என்றார் ஆ சம். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "பஸ் ஏறி வரவேண்டியதுதானே?"

"எங்க வர்றது? அங்கயும் கதவு தொறந்துதானே கெடந்துச்சு," என்றாள் லின் ஜே.

ஆ சம் என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். மெதுவாகத்தான் தள்ளினார்.

"லின் ஜே, நான்தான்..."

"தெரியும். மாடிப்படி மேல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். கத்தியிருக்கலாம். எதிர்க்கடைக்குக் கேட்டிருக்கும்." சட்டையை மடித்து வைத்தாள். "நீ அவரப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே தொறந்தே. முதல் தடவ எங்க வாசலுக்கு வந்தப்ப நானும் அவரப் பார்த்து அப்படித்தான் சிரிச்சேன். அத நினைச்சுக்கிட்டு நின்னதுல எனக்குச் சத்தம் வரல."

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பையில் துணியை எடுத்து வைத்துக்கொடுத்தேன். பத்தே நிமிஷத்தில் கீழே இறங்கிவிட்டோம். திரும்பும்போது அம்மாவும் மகளும் ஒரு சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் உட்கார்ந்தேன். கம்பார் தாண்டும்வரை தலை நிமிரவில்லை.

ஈப்போ பஸ் நிலையத்தில் அப்பா நின்றிருந்தார். எந்த பஸ் என்று தெரியாமல் மத்தியானத்திலிருந்தே நிற்கிறாராம். லின் ஜேவைப் பார்த்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் எனக்குச் சோறு போட்டு வைத்திருந்தார். நான் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். அப்போதும் கேட்கவில்லை. ஆ சம் வீட்டைக் காலி செய்யச் சொல்வாரா என்று தெரியவில்லை. நாளைக்குப் பேசலாம் என்றார். அதையும் நான்தான் அப்பாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆ சம்மிடம் சொல்லிவிட்டேன். லின் ஜேவிடம் சொல்லப் போனேன், அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. இரண்டும் கண்டனீஸில். அந்த மொழியில் அதைச் சொன்னது யாரோ ஒரு மூய் என்று வைத்துக்கொள்ளலாம். தமிழில் சொன்னால் சொல்வது ரஞ்சிதம். அதனால்தான் அப்பாவிடம் இன்னும் சொல்ல முடியவில்லை என்று நினைக்கிறேன்.

அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை. தூங்கினால் லேசாகக் குறட்டை வரும். நான் எழுதுவது அவருக்குத் தெரியும். இத்தனை நாளும் தெரிந்திருக்கும் என்றும் இப்போது தோன்றுகிறது. கேட்காமல் படுத்திருக்கிறார்.

இதோடு நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிடப் போகிறேன்.